ஒரே நாளில் வந்த பிள்ளைகள்

"நீ விட்ட இடம்டா அது. அம்மாவுக்கு இப்படி ஒரு நினைப்பு வர்ற அளவுக்கு நீ—"

"நானா? பக்கத்துல இருக்கறவன் யாரு? திரானாவுலேருந்து மூணு மணி நேரம். நான் ஸ்டுட்கார்ட்டுலேருந்து ரெண்டு ப்ளேன் மாறி—"

"மூணு இல்ல, நாலு. நீ வந்து அந்த மலை ரோட்டுல ஓட்டிப் பாரு. வீடு யாருக்கு? கடைசிப் பிள்ளைக்கு. அப்ப அம்மா யாருக்கு?"

"வீடு வேணும்னு நான் கேட்டேனா?"

"கேட்டா தர்றாங்க? வழக்கம்டா அது. கடைசிப் பிள்ளைக்கு வீடு, அடுப்பு, அம்மா. மூணும் சேர்த்துத்தான். இதை வெச்சுக்கறேன் அதை வேணாங்கறேன்னு பொறுக்கி எடுக்க இது சந்தை இல்ல."

விட்டோரி மேஜையின் ஓரத்தில், கண்ணைக் கரிக்கிற லீக்ஸ் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கும் அடுப்புக்கும் அடுத்ததாகத் தனக்கு மூன்றாவது இடம் கிடைத்ததைக் கவனித்தாள். பரவாயில்லை. போன வருஷம் அந்த அடுப்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இதே மேஜையில் பேசினார்கள். தன்னைப் பற்றி அப்படி யாரும் பேசவில்லை.

"கத்தாதீங்க," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பேசினா யாரு ஜெயிக்கறான்னு எனக்குத் தெரியமாட்டேங்குது."

"அம்மா, இது விளையாட்டு இல்ல," என்றான் மூத்தவன் தனாஸ். தலைநகர் திரானாவில் ஏதோ அமைச்சகத்தில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "பொறுப்பு" என்பான். எதற்குப் பொறுப்பு என்று அவன் மனைவிக்கே தெரியாது.

"விளையாட்டுன்னு நான் சொன்னேனா? ரூம் சொல்லி வெச்சிருக்கேன். திங்கட்கிழமை போகணும். இதுல என்ன விளையாட்டு?"

விஷயம் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முறைப்படி ஒருவர் பின் ஒருவராகப் போனில் கூப்பிட்டு, மருந்து சாப்பிட்டாயா, அங்கே கொர்ச்சாவில் குளிர் எப்படி என்று கேட்டபோது, மழை பெய்தது என்று சொல்கிற அதே குரலில் விட்டோரி ஒன்று சொன்னாள். பொக்ராதெட்ஸில், ஏரிக்கரையில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் தனக்கு ஒரு அறை கிடைத்திருக்கிறது. பின்னலாடை ஆலையில் அவளோடு ஷிப்ட் பார்த்த உரானி போன வருஷமே அங்கே போய்விட்டாள். ஜன்னலைத் திறந்தால் ஏரி. ராத்திரியில் எழுந்து விறகு போட வேண்டாம். மத்தியானம் சீட்டு ஆடலாம். உரானி ஏமாற்றுவாள், அதுவும் பழக்கம்தான்.

மூன்று போனும் சட்டென்று வைக்கப்பட்டன. பிறகு மூன்று போனும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டன.

போன ஜனவரியில் விறகு எடுக்க முற்றத்துக்குப் போனவள் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன் வந்து தூக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்போது யாரும் வரவில்லை. குறை சொல்ல முடியாது, எல்லோரும் பதறினார்கள். தனாஸ் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினான். மகள் ரொசேட்டா, கட்டிக்கொடுத்த ஊரான சாலோனிக்காவிலிருந்து கம்பளிக் காலுறை அனுப்பினாள். சின்னவன் எரியோன் ஜெர்மனியிலிருந்து ஒரு கேமரா அனுப்பி, ஆள் வைத்துச் சமையலறைச் சுவரில் மாட்டினான். இனி அம்மா விழுந்தால் ஸ்டுட்கார்ட்டிலிருந்தே தெரியும். விழுந்தது முற்றத்தில் என்பதை யாரும் யோசிக்கவில்லை. விட்டோரி உடை மாற்றும்போது அதன்மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போட்டாள். உடனே போன் வந்தது: "அம்மா, இருட்டா இருக்கே, நல்லா இருக்கியா?"

அம்மா பனியில் கிடந்ததற்கு ஆரஞ்சு. அம்மா நல்ல இடத்துக்குப் போகிறாள் என்றதும் மூன்று பேரும் நேரில்.

"தலைமைச் சிஸ்டர்கிட்ட நான் நேத்தே பேசிட்டேன்," என்றான் தனாஸ். "எங்க சம்மதம் இல்லாம எடுக்கமாட்டாங்களாம்."

"தெரியும். எங்கிட்டயும் சொன்னாங்க. 'பிள்ளைங்க மனசார கொண்டுவந்து விட்டாத்தான்மா. அப்புறம் கேட்டுல வந்து நின்னு கத்தறாங்க, மத்தவங்களுக்குத் தூக்கம் போகுது'ன்னு. திங்கட்கிழமை நான் வரலேன்னா ரூமை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நிறைய பேர் காத்திருக்காங்களாம். உங்களை மாதிரி பிள்ளைங்க நாடு முழுக்க இருக்காங்க போலிருக்கு."

"அதான் சொல்றேன். விட்டுடு."

"எரியோன்," என்று விட்டோரி சின்னவன் பக்கம் திரும்பினாள். "நீ ஜெர்மனியில என்ன வேலை பார்க்கறே?"

"அம்மா, அது வேற."

"எனக்கு மறந்துபோச்சு. வயசாயிடுச்சு இல்ல. சொல்லு."

"வயசானவங்களைப் பார்த்துக்கறேன்."

"அவங்க வீட்டுல போயா?"

எரியோன் தன் தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். "ஹோம்ல."

"எப்படி இருக்காங்க அங்கே? அழறாங்களா?"

"அழறதா? காலையில உடற்பயிற்சி, சாயங்காலம் பாட்டு. வெள்ளிக்கிழமை ஒருத்தர் நாயைக் கூட்டிட்டு வருவார், எல்லாரும் தடவிக்குடுப்பாங்க. ஒரு அம்மா, தொண்ணூத்தோரு வயசு, நான்தான் தலை வாரி விடணும்பாங்க. வேற யாரையும் தொட விடமாட்டாங்க."

"அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா?"

"நாலு பேர். ஞாயித்துக்கிழமை வருவாங்க."

"ஓ, வருவாங்களா."

"அம்மா, அவங்க ஜெர்மன்காரங்க. அவங்களுக்கு அது பழக்கம். நம்ம ஆளுங்களுக்கு மனசு உடைஞ்சு போயிடும்."

"யாரு மனசு?"

கழுவுகிற தொட்டியருகில் நின்று, கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்த ரொசேட்டா திரும்பினாள்.

"நான் வேணா கூட்டிட்டுப் போறேனே. ரெண்டு ரூம்தான். ஏற்கெனவே அவரோட அம்மா இருக்காங்க. இன்னொரு கட்டில் போட்டா—"

"மருமகன் சோத்துலயா?" என்றான் தனாஸ்.

"நாங்க ரெண்டு ஆம்பளைங்க உயிரோட இருக்கும்போதா?" என்றான் எரியோன்.

காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இருவருக்கும் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"இன்னொருத்தன் வீட்டுக்குப் போனவ, நீ இதுல பேசாதே ரொசேட்டா."

"நல்லது அண்ணா. தம்ளர் கழுவறேன்."

"ஒண்ணு புரிஞ்சுக்கம்மா," தனாஸ் குரலைத் தாழ்த்தினான். அமைச்சகத்தில் மனு கொடுக்க வருகிறவர்களிடம் பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். "ஹோம்ங்கறது யாருமில்லாதவங்களுக்கு. உனக்கு மூணு பேர் இருக்கோம். கோச்சோ வீட்டு அம்மாவைக் கொண்டுபோய் விட்டாங்களே, இன்னிக்கும் அந்தப் பையனுக்கு இந்தத் தெருவுல ஒருத்தரும் காபி ஊத்தறதில்ல. எங்க முகத்தை நாங்க எங்கே வெச்சுக்கறது?"

"உன் முகம் திரானாவுல இருக்கு. இவன் முகம் ஸ்டுட்கார்ட்ல இருக்கு. இந்தத் தெருவுல இருக்கறது என் முகம் ஒண்ணுதான்டா."

அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள். தட்டினார்கள் என்று சொல்வது தவறு; இரண்டு விரலால் தொட்டார்கள். இந்தத் தெருவில் அப்படிக் கதவைத் தட்டுகிற நாள் ஒன்றுதான்.

தனாஸ் எழுந்து போனான். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. விட்டோரிக்குக் குரல்தான் கேட்டது, அது போதும். நாற்பது வருஷம் பின்னல் மிஷின் சத்தத்துக்கு நடுவே யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்த காது அது.

"தனாஸ்," இது எதிர்வீட்டு லாம்பி. "நீங்க நல்லா இருக்கணும்பா. உங்க ஆயுசு நீளணும்."

"உங்களுக்கும் மாமா," என்றான் தனாஸ். பெரிய மனிதர்களோடு பழகியவன். யார் எதைச் சொன்னாலும் 'உங்களுக்கும்' என்பான். "உள்ளே வாங்க. அத்தை, வாங்க."

லாம்பியின் பெண்டாட்டி சோஃபிகாவின் செருப்புச் சத்தம் முன்னறைக்குப் போனது. எரியோனும் எழுந்து போனான். மூத்தவன் விருந்தாளியோடு உட்கார்ந்திருக்க, சின்னவன் சமையலறையில் நின்றால் மரியாதை இல்லை.

"உங்களுக்கு எப்பப்பா தெரிஞ்சுது?" சோஃபிகாவின் குரல் கம்மியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமையா. எதிர்வீட்டுல இருந்துட்டு எங்களுக்குத் தெரியலையே. ரெண்டு நாளா வெளியில காணோமே, சளியா இருக்கும்னு நினைச்சேன். இன்னிக்குக் காலையில உன் காரு வந்துது. அப்புறம் ரொசேட்டா, கறுப்புக் கோட்டு. அப்புறம் இவன் ஏர்போர்ட் டாக்சியில. இவர்கிட்ட சொன்னேன், எழுந்திருங்க, சட்டையை மாத்துங்கன்னு. போஸ்ட் கம்பத்துல நோட்டீஸ்கூட இன்னும் ஒட்டல, அதுக்காகக் காத்திருக்க முடியுமா?"

ரொசேட்டா கையிலிருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். விட்டோரி கத்தியை வைத்துவிட்டுத் தலையைக் கொஞ்சம் கதவுப் பக்கம் சாய்த்தாள்.

இதில் சோஃபிகாவின் தப்பு ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் வருவார்கள், அது விடுமுறை. ஈஸ்டருக்கு யாராவது ஒருவர் வருவார். நவம்பர் மாதம், புதன்கிழமை, மூன்று பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குள் நுழைந்தால் கொர்ச்சாவில் யாரும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். துக்க வீட்டுக்குக் கொடுக்கிற காபிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதலில் போகிறவர்களுக்கு மதிப்பு.

"கஷ்டப்படாம போனாளா?" என்றாள் சோஃபிகா.

முன்னறையில் நாற்காலி ஒன்று கிரீச்சென்றது. 'ஆயுசு நீளணும்' என்று லாம்பி துக்கம்தான் விசாரித்தார் என்பது தனாஸுக்கு இப்போது விளங்கிவிட்டது; அந்தச் சத்தத்திலேயே விட்டோரிக்கு அது தெரிந்தது. எழுந்து நின்று, 'அத்தை, அம்மா உள்ளே லீக்ஸ் நறுக்கறாங்க' என்று சொன்னால் முடிந்தது. அவள் காத்திருந்தாள்.

"அது வந்து மாமா—" என்று ஆரம்பித்தது எரியோன்தான்.

"நீ பேசாதே எரியோன்," என்றார் லாம்பி. "பேசினா அழுதுடுவே. நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. இந்தத் தெருவுல பெத்தவளைக் கடைசி வரைக்கும் அவ வீட்டுல, அவ அடுப்புக்கிட்ட வெச்சிருந்த பிள்ளைங்க யாருன்னு கேட்டா, உங்க பேரைத்தான் சொல்லுவேன். அந்தக் கோச்சோ பையன் மாதிரி கொண்டுபோய்த் தள்ளினீங்களா? இல்ல."

நாற்காலி மறுபடி கிரீச்சென்றது; யாரோ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஜெர்மனியில உக்காந்துட்டு, வேலைக்கு நடுவுல, கேமராவுல அம்மாவைப் பார்த்துட்டே இருந்திருக்கான். எந்தப் பிள்ளைப்பா செய்வான்? அவ சொல்லி சொல்லி மாஞ்சுபோவா."

விட்டோரி சொன்னது உண்மைதான். ஆனால் சொன்ன விதம் வேறு.

"தனாஸ் அனுப்பற ஆரஞ்சு, இந்தத் தெருவுல அதைத் திங்காத வீடு உண்டா? நீங்க தலைநிமிர்ந்து நடக்கலாம். சொர்க்கத்துலேருந்து அவ உங்களை வாழ்த்துவா."

"கடமைதானே மாமா," என்றான் தனாஸ்.

அவன் பொய் சொல்லவில்லை. அம்மா செத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அவனை வளர்த்தவள் விட்டோரிதான்.

அவள் எழுந்தாள். அடுப்பில் காபிக் கிண்ணியை வைத்தாள்.

"அம்மா," ரொசேட்டா கிசுகிசுத்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். சிரிக்கிறாளா என்ன என்று தெரியவில்லை. "நான் போய்ச் சொல்லிடறேன்."

"இரு. வந்தவங்களுக்கு முதல்ல காபி."

"சர்க்கரை?"

"சாவு வீட்டுல சர்க்கரையா? உன்னை அப்படியா வளர்த்தேன்?"

நாலு கோப்பையில் ஊற்றினாள். ஏப்ரனைக் கழற்றினாள். தட்டை ஏந்திக்கொண்டு முன்னறைக்குள் போனாள்.

லாம்பி தொப்பியை மடியில் வைத்திருந்தவர் தலையில் வைத்து, மறுபடி எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டார். சோஃபிகா சிலுவை போட்டாள். எரியோன் தரைவிரிப்பின் கோலத்தைப் படித்துக்கொண்டிருந்தான். தனாஸ் மட்டும் கையை நெஞ்சிலிருந்து எடுக்க மறந்து அப்படியே இருந்தான்.

"எடுத்துக்க சோஃபிகா. கசப்புத்தான். முறைப்படி போட்டிருக்கேன்."

"விட்டோரி. நீ."

"நான்தான். உள்ளே லீக்ஸ் நறுக்கிட்டிருந்தேன். உன் கண்ணையும் என் கண்ணையும் தவிர இந்த வீட்டுல எதுவும் நனைஞ்ச மாதிரி தெரியல. எனக்கு லீக்ஸ். நீ நிஜமாவே அழுதியாடி?"

"அழாம? நாப்பது வருஷம்." சோஃபிகா மூக்கைத் துடைத்துக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன் அத்தை. மாமா பேசிட்டிருந்தாரு."

"நான் பேசினா நீ சும்மா இருப்பியா? அதுவும் இதுல?" என்றார் லாம்பி. அவருக்குக் கோபமும் வெட்கமும் கலந்து வந்தது. சாவுக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளை உயிரோடிருக்கிறவளிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது? "அப்ப, எதுக்குத்தான் மூணு பேரும் ஒண்ணா வந்தீங்க?"

இந்த இடத்தில் விட்டோரி வாயைத் திறந்தாள். எல்லாம் சொல்லிவிடலாம். ரூம், ஏரி, உரானி, ஆரஞ்சு. எதிரில் இரண்டு பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பா வரும்போது பார்ப்பார்களே, அந்தப் பார்வை. சோஃபிகாவிடம் சொன்னால் மானம் போகும். மானம் போன பிள்ளை திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் விடுவானா? கேட்டில் நின்று கத்துவான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த இடைவெளியில் எரியோன் பாய்ந்தான்.

"அம்மாவை ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன் மாமா."

"ஜெர்மனிக்கா?"

"ஆமா. எங்களோடவே. இனிமே தனியா விடறதா இல்ல."

தனாஸ் தொண்டையைச் செருமினான். "முதல்ல திரானா. குளிர்காலம் முழுக்க என் வீட்டுல இருக்கட்டும்னு நான் சொல்லிட்டிருக்கேன்."

"அண்ணா, திங்கட்கிழமை டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சு."

"மூத்தவன் நான் இருக்கும்போது முதல் குளிர்காலம் என் வீட்டுலதான்டா. வெயில் வர்ற ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அங்கே வீட்டுக்குள்ள குளிரே கிடையாது. எல்லா ரூம்லயும் சூடு."

இந்த ஏலத்தை விட்டோரி சுவாரஸ்யமாகக் கேட்டாள். இரண்டு வீட்டிலும் தனக்கு இவ்வளவு இடம் இருப்பது அவளுக்கே புதிது. கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் 'சரி, இன்னிக்கே' என்றால் இரண்டு பேருக்கும் நெஞ்சு நின்றுவிடும்.

"குடுத்து வெச்சவ," என்றாள் சோஃபிகா. இப்போது அவள் வேறு மாதிரி அழுதாள். "எங்க பையன் கனடாவுலேருந்து போனமாசம் ஒரு ரத்த அழுத்தம் பார்க்கற மிஷின் அனுப்பினான். எனக்கு அதைப் போட்டுக்கத் தெரியல. இவருக்கும் தெரியல. டப்பாவுல இருக்கு."

"எடுத்துட்டு வா அத்தை, நான் சொல்லித்தரேன்," என்றான் எரியோன். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் உண்மையாக இருந்தது. வேலைத்திறமை எங்கே போகும்?

அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் சோஃபிகா காபிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். திரும்ப எடுத்துப் போனால் அல்பம். வைத்துவிட்டுப் போனால் அபசகுனம்.

"வெச்சுட்டுப் போ," என்றாள் விட்டோரி. "காபி கெட்டுப்போகாது."

"திங்கட்கிழமையா கிளம்பறே? வந்து வழியனுப்பறேன். பின்னால தண்ணி ஊத்தணும், பயணம் நல்லா இருக்க." சோஃபிகா அவளைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு வாய்ச்ச மாதிரி பிள்ளைங்க யாருக்கு வாய்க்கும்?"

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் சமையலறைக்கு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் சந்தை வரைக்கும் செய்தி போய்விடும். சோஃபிகா போன வேகத்தைப் பார்த்தால் அதற்கும் முன்னாடியே.

"சரி," என்றாள் விட்டோரி. "எதை எடுத்து வைக்கட்டும்? திரானாவுக்கா, ஜெர்மனிக்கா?"

யாரும் பேசவில்லை.

"தனாஸ், அந்த வெயில் வர்ற ரூம்."

"அம்மா, அது இப்போ பெயின்ட் அடிக்கறாங்க. அவளுக்கும் ரத்தக் கொதிப்பு. பையனுக்கு வேற பொண்ணு பார்த்துட்டிருக்கோம், வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க, போவாங்க."

"நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கறேன். எரியோன், நீ? டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சுன்னியே."

"நாலாவது மாடிம்மா. லிஃப்ட் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஷிப்ட். பகல்ல வீட்டுல யாரும் இருக்கமாட்டோம். அங்கே வேற, மூணு மாசத்துக்கு மேல தங்க விடமாட்டாங்க. உனக்குப் பாஷை தெரியாது."

"அதனால?"

"அதனால, பகல்ல உன்னைப் பார்த்துக்க ஒரு ஆளு—" என்று சொல்லிவிட்டு எரியோன் நிறுத்திக்கொண்டான்.

"ஒரு ஹோம் மாதிரி ஏதாவது," என்றாள் ரொசேட்டா, தம்ளர்ப் பக்கம் பார்த்தபடி.

தனாஸ் ஜன்னலருகில் போய் நின்றான். எதிர்வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் சோஃபிகாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பொறுப்பில் இருக்கும் வேலை என்ன என்று விட்டோரிக்கு முதல் முறையாகக் கொஞ்சம் புரிந்தது.

"அம்மா ஜெர்மனிக்குப் போறாங்க," என்றான்.

"அண்ணா, நான் இப்பத்தானே சொன்னேன்—"

"கேளுடா. தெருவுக்கு அம்மா ஜெர்மனிக்குப் போறாங்க. திங்கட்கிழமை காலையில என் காருல ஏறறாங்க. ஏர்போர்ட்டுக்குப் போற ரோடும் பொக்ராதெட்ஸ் வழியாத்தானே போகுது? சோஃபிகா அத்தை தண்ணி ஊத்தட்டும். நாம ஏரிக்கரையில இறக்கி விட்டுடறோம்."

எரியோன் அண்ணனைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது.

"ஏரிக்கரைன்னா, ஹோம்லயா?"

"அம்மாவுக்கு அதானே ஆசை. பெத்தவ ஆசையைத் தட்டலாமா?"

காலையில் வம்சத்துக்கே அவமானமாக இருந்த காரியம், மத்தியானத்துக்குள் தாயின் ஆசையாகிவிட்டது. விட்டோரி அடுப்பில் சுடும் அடைக்கான மாவை எடுத்துத் தட்டில் விரித்தாள். லீக்ஸைப் பரப்பினாள். பிள்ளைகள் இப்போது ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார்.

"ஆகஸ்ட்ல நான் வரும்போது சாக்லேட் கொண்டுவரேன். அம்மா குடுத்துவிட்டாங்கன்னு தெரு முழுக்க குடுத்துடலாம்."

"நிறைய கொண்டுவா. நாலாவது மாடின்னு சொல்லாதே. ரெண்டாவது, லிஃப்ட் இருக்குன்னு சொல்லு."

"தோட்டம்?"

"பால்கனி போதும். ரொம்ப சொன்னா நம்பமாட்டாங்க."

"அந்தச் சிஸ்டருக்கு இன்னிக்கே போன் பண்ணிடு அண்ணா. மனசார சம்மதம்னு சொல்லு."

"எனக்கு அங்கே ஒத்துக்கிச்சா?" என்று கேட்டாள் விட்டோரி.

"எங்கே?"

"ஜெர்மனியில."

"நல்லா ஒத்துக்கிச்சும்மா," என்றான் எரியோன், கொஞ்சமும் தயங்காமல். "முழங்கால் வலிகூட குறைஞ்சிருக்கு."

"சோஃபிகாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிடறேன். பொக்ராதெட்ஸுக்கு ஒரு பஸ்தான். எப்பவாவது வந்து பார்த்துட்டுப் போவா."

"அம்மா." தனாஸ் உட்கார்ந்தே விட்டான். "சோஃபிகா அத்தைக்குச் சொல்றதும் டிவியில சொல்றதும் ஒண்ணு."

"அவ போன் பண்ணுவாடா. முகம் பார்த்துப் பேசணும்பா. ஜன்னல்ல ஏரி தெரியுமே."

"கர்ட்டனைப் போட்டுட்டுப் பேசு," என்றான் எரியோன்.

ரொசேட்டா கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். "அப்ப அம்மாவைப் பார்க்க யாரு வருவா? இந்தத் தெருவுலேருந்து யாரும் வர முடியாது. நீங்க?"

"நாங்க வராம? ஈஸ்டருக்கு—" என்று தொடங்கிய தனாஸ் தானே நிறுத்தி யோசித்தான். "ஈஸ்டருக்கு நான் அந்தப் பக்கம் அடிக்கடி போனா யாராவது பார்த்துடுவாங்க. பார்த்துப் பண்ணணும்."

விட்டோரி மேல் மாவைப் போட்டு ஓரங்களை மடித்துச் சுருட்டினாள். தட்டைத் தூக்கி அடுப்புக்குள் தள்ளினாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அறை, ஏரி, சூடு, உரானி. ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே மேஜையில், ஒரே மனதாக உட்கார்ந்து அவள் எதிர்காலத்தைப் பேசுவதைப் பார்க்கக் கணவனுக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்தாள். அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"எல்லாம் சரிடா. நான் ஏரிக்கரையில செத்துப்போனா, ஜெர்மனியிலேருந்து பொணம் வந்து சேர ஒரு வாரமாவது ஆகும்னு சோஃபிகாவுக்கே தெரியும். அந்த ஒரு வாரம் என்னை எங்கே வெச்சிருக்கறதா உத்தேசம்?"